எரியாத டிஞ்சர்

போன வாரம் கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது அதன் அடி வளையம் என் சுண்டுவிரலைக் கிழித்துவிட்டது. பெரிய காயம் ஒன்றுமில்லை — தோல் சீவினாற்போல ஒரு கோடு, அதில் பொட்டுப் பொட்டாக ரத்தம். அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சிக்கு வேறு வேலையாகப் போக வேண்டியிருந்த நாள். போன இடத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் ஏறி, "சின்ன பாட்டில் டிஞ்சர் ஒண்ணு குடும்மா" என்றேன். கடையில் இருந்த பெண்ணுக்குச் சின்ன வயசு. என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"டிஞ்சரா? அதெல்லாம் இப்ப யாரு ஆயா வாங்குறாங்க? இந்தா, ஸ்ப்ரே. எரியவே எரியாது."

நான் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்குள் என் விரலைப் பிடித்து 'புஸ்' என்று அடித்தும் விட்டாள். ஜில்லென்று இருந்தது. எரியவில்லை.

எனக்குத் திக்கென்று ஆகிவிட்டது.

"எரியலியேம்மா..."

"அதத்தான சொல்றேன். எரியாது ஆயா. அதான் இதோட ஸ்பெஷலு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது — இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும், எனக்கு வாய் பேப்பரில் மட்டும்தான். தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டேன். ஏறி உட்கார்ந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அந்தச் சுண்டுவிரலில் மெதுவாகக் குத்திப் பார்த்தேன். வலித்தது. அப்பாடா. அடுத்த விரல். அதுவும் வலித்தது. பஸ் வடக்கனந்தல் வருவதற்குள் இரண்டு கையும் முடிந்து, கால் விரல்களுக்குக் குனிந்துவிட்டேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

பைத்தியம் என்று நினைத்திருப்பார். பைத்தியம் இல்லை... பயம். எரிந்தால் எனக்குப் பயம் கிடையாது. எரியாவிட்டால்தான் ஊக்கைத் தேடுவேன்.

எதனால் என்று சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் காயத்துக்கு எதைப் போட்டாலும் அது எரிய வேண்டும். கழனியில் கிழித்துக்கொண்டால் வரப்பில் முளைத்திருக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாற்றைப் பிழிந்து விடுவோம். வீட்டில் என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும். அவசரத்துக்குக் காபித்தூளை அப்புகிறவர்கள் உண்டு. ஒருத்தர் கட்டைவிரலில் மூக்குப்பொடியை அடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் சிவப்பு மருந்து. இதில் பாதி, காயத்தை இன்னும் கெடுக்கிற சமாசாரம் என்று இப்போது டாக்டர்கள் திட்டுகிறார்கள். அப்போது யாருக்குத் தெரியும்? எங்களிடம் இருந்தது ஒரே பரீட்சைதான் — எரியுதா? எரிந்தால் விஷம் சாகிறது என்று அர்த்தம். எரியவில்லையென்றால் அது மருந்தே இல்லை. சிவப்பு மருந்தை என் மாமியார் "குங்குமத் தண்ணி" என்று ஒதுக்கி வைத்ததே அது எரியாது என்பதால்தான்.

அந்தப் பரீட்சையில் முதல் மார்க் டிஞ்சருக்கு. அரக்குக் கலர் பாட்டில், மூடியைத் திறந்தாலே மூக்கில் ஏறும் நெடி. காயத்தில் பட்டால் உச்சந்தலை வரைக்கும் போய்த் திரும்பி வரும்.

எழுபதுகளில் நடந்த விஷயம் இது. நான் வாழ்க்கைப்பட்ட ஊர் கல்வராயன் மலை அடிவாரம். மாமனார் கரும்பு வெட்டுக்கு மேஸ்திரி. மில்லிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வந்தால், ஆண்களும் பெண்களுமாக ஆட்களைத் திரட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். கரும்பு வெட்டுகிறவர்கள் உடம்பைப் பார்த்திருக்கிறீர்களா? சோகை — கரும்பின் தோகை இலை — பிளேடு மாதிரி கை முழுக்கக் கீறி வைத்திருக்கும். அதைவிட மோசம், வெட்டிய பிறகு தரையில் நிற்கும் அடிக்கட்டை. சாய்வாகச் சீவிய முளைக்குச்சி போல நிற்கும். வெறுங்காலில் மிதித்தால் போச்சு. காயம் சீழ் பிடித்து ஒருத்தர் படுத்துவிட்டால் வெட்டுக்கு ஒரு ஆள் கம்மி. அதனால் மேஸ்திரி வீட்டில் சாயங்காலம் டிஞ்சர் போடுவது என்பது கூலி கொடுப்பது மாதிரி ஒரு முறை. வேலை முடிந்து எல்லோரும் எங்கள் வாசலில் வரிசையாக உட்காருவார்கள். அத்தை — மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன் — பாட்டிலோடு வருவார். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து அவர் கையில் கொடுக்கிறது பெரிய மருமகளான என் வேலை.

அந்த வரிசை ஒரு கூத்துதான். ஆம்பிளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். பொம்பளைகள் கத்துவார்கள். பச்சையம்மாள் என்று ஒருத்தி; அவள் கத்துவது மலைக்கே கேட்கும். டிஞ்சர் காயும் வரைக்கும் கரும்பைக் கண்டுபிடித்தவனைத் திட்டுவாள்.

என் கொழுந்தனார் முருகேசனைக் கட்டிக்கொண்டு அஞ்சலை வந்தது ஒரு வெட்டு சீசனுக்குக் கொஞ்சம் முன்னால். திருநாவலூர்ப் பக்கம் பிறந்தவள். எட்டாவது வரை படித்தவள். ஐந்தோடு நின்ற எனக்கு அதுவே பெரிய படிப்பு. மெலிந்த உடம்பு, பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். நான் பேசாதவள், அவள் பேசுகிறவள் — இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

முதல் சீசனிலேயே அவள் இடது பாதத்தின் வெளிப்பக்கம் கட்டை கிழித்துவிட்டது. நல்ல காயம். சாயங்காலம் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். அத்தை டிஞ்சரை நனைத்து வைத்தார். அஞ்சலை என்னிடம் ஏதோ அவள் ஊர்த் தேர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வைத்தார், எடுத்தார், இன்னொரு தரம் வைத்தார் — கதை நிற்கவே இல்லை.

வரிசையே வாயைப் பிளந்தது.

"இன்னாடி இது, காலா கட்டையா?" என்றாள் பச்சையம்மாள். "மேஸ்திரி வூட்டு சின்ன மருமவளுக்கு டிஞ்சருகூட பயப்படுது பாரு."

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "உன்ன மாதிரி ஊரக் கூட்டச் சொல்றியா? எம்மருமவ நெஞ்சழுத்தக்காரி. பாத்துக் கத்துக்க."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தக் காயம் ஆற மற்றவர்களுக்கு ஆகிறதைவிட ரொம்ப நாள் ஆனது. அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

மழைக்காலம் போய் அடுத்த சீசன் தொடங்கிய சமயம். பள்ளிக்கூடத்துச் சுவரில் கவர்மெண்ட் ஆட்கள் பெரிய பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். கடைக்குப் போகும் வழியில் அஞ்சலை வழக்கம்போல வாய்விட்டுப் படித்தாள். நானும் எழுத்துக் கூட்டிக்கொண்டே கூட வந்தேன். உடம்பில் தேமல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் தெரியாமல், சுட்டால் தெரியாமல் இருந்தால் அது தொழுநோயாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று இருந்தது.

பாதியில் அவள் குரல் நின்றுபோனது. கடைசி வரியை நான்தான் படித்து முடித்தேன்.

"இன்னா அஞ்சல?"

"ஒண்ணுமில்லக்கா. வெயிலு."

கடைக்குப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு விளங்கவில்லை. வீட்டு நினைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரமே அதே காலில் மறுபடி கட்டை கிழித்தது. வரிசையில் உட்கார்ந்தாள். அத்தை பஞ்சை நனைத்துக் கொண்டுபோனார். "ஐயோ அம்மா" என்று ஒரு கத்து கத்தினாள் பாருங்கள்... மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

"ஆங், இப்பத்தான்டி நீயும் எங்கள மாதிரி பொம்பள" என்று பச்சையம்மாள் தொடையைத் தட்டிச் சிரித்தாள். வரிசை முழுக்கச் சிரிப்பு.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஞ்சு கொடுக்கிறவள் நான். என் கண் எப்போதும் பஞ்சின் மேல் இருக்கும். அஞ்சலை கத்தியபோது பஞ்சு இன்னும் காலில் படவில்லை. அந்தரத்தில் இருந்தது.

அன்றிலிருந்து என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. வெளியே யாரிடம் சொல்வது? சொல்ல என்ன இருக்கிறது, ஒரு பெண் முன்கூட்டியே கத்தினாள் என்பதைத் தவிர? சில பேர் ஊசியைப் பார்த்தாலே கத்துவார்கள் இல்லையா? அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் என் கண் அவள் காலை விட்டு நகரவில்லை. நடக்கும்போது பார்த்தேன். உட்காரும்போது பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். புடவையைக் கீழே இழுத்து இழுத்து விட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஒரு நாள் காலை இரண்டு பேரும் அடுப்படியில் இருந்தோம். அஞ்சலை களி கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டும்போது பானை அசையாமல் இருக்க அடுப்போரம் காலை நீட்டி அண்டை கொடுத்திருந்தாள். அடுப்பிலிருந்து ஒரு கங்கு சரிந்து உருண்டு வந்து அவள் பாதத்தின் ஓரத்தில் நின்றது.

அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். மில் லாரி ஓட்டுகிற யாரோ சொன்ன ஜோக்கைச் சொல்லிக்கொண்டே கிண்டினாள். எனக்கு வாடை வந்தது. தோல் கருகுகிற வாடை.

"அஞ்சல... காலு..."

குனிந்து பார்த்தாள். காலை இழுக்கவில்லை. துடுப்பை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, குச்சியால் கங்கைத் தள்ளினாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, யாருகிட்டயும் சொல்லிடாதக்கா. ஏரிக்கரைக்கு அனுப்பிடுவாங்கக்கா."

ஏரிக்கரை என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை. அதில் ஒருவர் இருந்தார். வியாதி வருவதற்கு முன் ஊரில் நல்லது கெட்டதுக்குச் சமையல் செய்தவர். பந்தியில் அவர் கையால் பரிமாறினால்தான் ஆகும் என்பார்களாம். வியாதி என்று தெரிந்த பிறகு கூடப்பிறந்தவர்களே அந்தக் குடிசையைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு கல்லின் மேல் சோற்றை வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று குரல் கொடுப்பார்கள். அந்தக் கல்லைக் குழந்தைகள் தொடக்கூடாது. அவர் மனைவி எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

அஞ்சலைக்கு அப்போது இருபது வயசு இருந்தால் அதிகம்.

புடவையை விலக்கிக் காட்டினாள். கணுக்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, சோறு வடித்த கஞ்சி காய்ந்தாற்போல வெளுத்த ஒரு தேமல். பழைய காயத்துத் தழும்பெல்லாம் அதற்குள்தான் இருந்தது.

எனக்கும் பயம் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன் — அவளை நினைத்து மட்டும் இல்லை. என் மகள் அப்போது கைக்குழந்தை. அஞ்சலை மடியில்தான் தூங்குவாள். ஒரே பாய், ஒரே சொம்பு, ஒரே சீப்பு. இரண்டு ராத்திரி தூங்காமல் குழந்தையின் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தேன். தொட்டால் சிணுங்குகிறாளா, சிணுங்குகிறாளா என்று.

உளுந்தூர்பேட்டையில் வாரத்தில் ஒரு நாள் இந்த வியாதிக்குப் பார்க்கிறார்கள் என்று சுவரில் எழுதியிருந்தது. கள்ளக்குறிச்சி என்றால் யாராவது பார்த்துவிடுவார்கள். உளுந்தூர்பேட்டை ரோட்டு ஊர். ஆயிரம் பஸ், லாரி. நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள்? அதோடு அஞ்சலையின் தாய் வீட்டுக்குப் போகிற வழி. அவள் வீட்டில் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், இரண்டு பேரும் போய் வருகிறோம் என்று அத்தையிடம் கேட்டோம். அதாவது அஞ்சலை கேட்டாள். நான் பின்னால் நின்றேன்.

"பொங்க வெக்கிறதுக்கு நீ போ. அவ இன்னாத்துக்கு?" என்றார் அத்தை.

"தனியா போறதுக்குப் பயமா இருக்குது அத்தை."

"போன சீசனு டிஞ்சருக்கே பயப்படாதவளுக்கு பஸ்ஸுல போறதுக்குப் பயமா?"

சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடைசியில் இரண்டு பேரையும் அனுப்பிவைத்தார்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு பழைய கட்டடத்தின் வராந்தாவில் பார்த்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தரும் இன்னொருத்தர் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் வயசானவர், மெதுவான பேச்சு. அஞ்சலையைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சைத் திரியாக முறுக்கி அதன் நுனியால் தொட்டார்.

"தொட்டா சொல்லு. எங்கன்னு விரலால காட்டு."

கையில் தொட்டார். காட்டினாள். முழங்காலில் தொட்டார். காட்டினாள். தேமலில் தொட்டார். சும்மா இருந்தாள். மறுபடி தொட்டார். சும்மா இருந்தாள். டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டு எழுத உட்கார்ந்தார்.

"இப்ப தொட்டீங்க" என்றாள் அஞ்சலை. கண்ணை இறுக மூடியபடி, அந்தத் தேமல் மேலேயே விரலை வைத்துக் காட்டினாள். "இப்பக்கூட தொட்டீங்க. தெரியுது சார். நல்லா தெரியுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கண்ணத் திறம்மா" என்றார். "இதுக்கு மாத்திரை இருக்கு. ரொம்ப நாள் சாப்பிடணும், விடாம சாப்பிடணும். குணமாயிடும். கை கால் ஒண்ணும் மடங்காது, ஆரம்பத்துலயே வந்துட்ட. இந்த இடத்துல உணர்ச்சி திரும்புமான்னு மட்டும் சொல்ல முடியாது. அதனால காலைப் பத்திரமா பாத்துக்கணும்."

கைக்குழந்தை இருக்கிறதே என்று நான் கேட்டேனா? கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. அஞ்சலைதான் கேட்டாள். "அக்கா கொழந்தய நான் தூக்கலாமா சார்?"

"தூக்கும்மா. இந்த வகை ஒட்டாது. இருந்தாலும் வீட்டுல இருக்கிற எல்லாரையும் ஒருவாட்டி பாத்துடறது வழக்கம். எங்க ஆளு ஒருத்தர் சைக்கிள்ல வருவாரு."

அஞ்சலை எழுந்துவிட்டாள். "வூட்டுக்கா சார்? வூட்டுக்கு வாணாம் சார்" என்று கைகூப்பினாள். வருகிறவரைப் பக்குவமாக நடந்துகொள்ளச் சொல்கிறேன் என்றார் டாக்டர். வேறென்ன சொல்வார்?

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இருக்கிறதே... தெருவில் சைக்கிள் மணி கேட்டால் போதும். நான் அரிசி களைகிற தண்ணீரைக் கீழே விடுவேன். அவள் உள்ளே போய்விடுவாள். தபால்காரர், ஐஸ்காரர், பள்ளிக்கூட வாத்தியார் — அந்த ஊரில் இத்தனை சைக்கிள் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொட்டகைக்குப் போய் விழுங்கிவிட்டு வருவாள். முருகேசனுக்கும் சொல்லவில்லை. கரும்பு லோடோடு மில்லுக்குப் போகிறவர், மில் வாசலில் வரிசை நகர்ந்து, சோற்று நேரத்துக்குத்தான் வீடு வருவார். "சொல்லிடு" என்றேன். "சொன்னா அவரு நல்லவராவே இருக்கட்டும், அத்தை இன்னா சொல்லுவாங்க?" என்றாள். டிஞ்சர் பாட்டிலைப் பிடித்த கையால் அத்தை எவ்வளவு பேரை அதட்டி உட்கார வைத்திருக்கிறார்... அவருக்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது.

கடைசியில் சைக்கிள் வந்தது. நேரம் பார்த்து வந்தது — சாயங்காலம், டிஞ்சர் வரிசை உட்கார்ந்திருக்கும்போது.

தோளில் பையோடு ஒருவர் இறங்கினார். சின்ன வயசு. "கவர்மெண்ட்லேர்ந்து வர்றேங்க. வீட்டுக்கு வீடு தேமல் பாக்கிறோம்" என்றார். அவர் பக்குவமாகத்தான் நடந்துகொண்டார். மாமனாரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குழந்தையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில், உள்ளே எட்டிப் பார்த்தபடி, "அஞ்சலை எங்கங்க, இல்லியா?" என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். யாரும் அந்தப் பெயரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அத்தையின் கையில் பஞ்சு அப்படியே நின்றது. வந்தவருக்குத் தன் தவறு தெரிந்துவிட்டது, முகம் சுருங்கிப்போனது. முதலில் பேசியது பச்சையம்மாள்தான்.

"இன்னா சார், எங்க அஞ்சலையத் தனியா விசாரிக்கிறீங்க? தெரிஞ்சவங்களா?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை என்னைப் பார்த்தார். நான் கையில் இருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்... தூள் தூளாக.

"என் தம்பிக்குத் தெரிஞ்ச புள்ள. நான்தான் பேரு சொல்லி வரச்சொன்னேன்" என்றார் அத்தை. அவருக்குத் தம்பியே கிடையாது. "எல்லாம் எழுந்திருங்க. விடியக்காலையில வெட்டு இருக்குது."

"எனக்கு இன்னும் மருந்தே போடலியே" என்றாள் பச்சையம்மாள்.

"ஒரு நாளு போடலன்னா செத்துட மாட்ட. நட."

பச்சையம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். வரிசை கலைந்தது. வந்தவரிடம் அத்தை ஏதோ கேட்டார், அவர் ஏதோ சொன்னார். எனக்குக் காது அடைத்துக்கொண்டு ஒன்றும் விழவில்லை. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதும், அத்தை உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அஞ்சல. இங்க வா."

வந்தாள். கையில் ஒரு துணிப்பை இருந்தது. இரண்டு புடவையை எடுத்து வைத்துத் தயாராகவே வந்திருந்தாள்.

"உக்காரு. கால நீட்டு."

அன்றைக்கும் அதே இடத்தில் ஒரு கீறல் இருந்தது. அத்தை பாட்டிலைத் திறந்தார். என்னிடம் கையை நீட்டினார். நான் ஒரு பஞ்சு கொடுத்தேன். நனைத்தார். கொண்டுபோனார்.

"ஐயோ அம்மா" என்றாள் அஞ்சலை. பழக்கம்.

"கத்தாத" என்றார் அத்தை. "நான் இன்னும் வெக்கல."

அஞ்சலை வாயை மூடிக்கொண்டாள். அத்தை பஞ்சைக் காயத்தில் வைத்து அழுத்தினார். எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"தெரியுதா?"

"இல்ல அத்தை."

"எப்பலேர்ந்து?"

"கண்ணாலத்துக்கு முன்னாடிலேர்ந்து. தெரிஞ்சி மறைக்கல அத்தை. இன்னான்னு தெரியாது எனக்கு. சொவுத்துல படிச்சப்பதான்..." மேலே பேச முடியவில்லை அவளால். "எங்க வூட்டுக்கு அனுப்பிடுங்க அத்தை. நானே போய்டறேன். ஏரிக்கரைக்கு மட்டும் வாணாம்."

அத்தை பாட்டிலை மூடப் போனார். மூடி உட்காரவில்லை. யார் காலிலும் ஒரு சொட்டு அதிகம் விடாத கை, டிஞ்சரைத் தன் விரல் மேலேயே கொட்டிக்கொண்டது. வெடிப்பு விழுந்த விரல். "ஸ்..." என்று இழுத்துக்கொண்டார்.

அவருக்கு எரிந்தது. அஞ்சலைக்கு எரியவில்லை. நான் நடுவில் பஞ்சோடு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து முருகேசன் உள்ளே வந்தார். துணிப்பையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், "இன்னாம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றார் அத்தை. "நாளைக்குக் கள்ளக்குறிச்சி போனா இவளுக்கு ஒரு செருப்பு வாங்கிக்கினு வா. பின்னாடி வாரு வெச்சது. கழனியிலயும் போட்டுக்கினுதான் நடக்கணும்."

"கழனியில செருப்பா? பொம்பளைங்க செருப்பு போட்டுக்கினு வெட்டுக்கு வந்தா ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். சிரிச்சா எந்தக் காலும் புண்ணாவாது. ஏன்னு அப்பறம் சொல்றேன், போயி கையக் கழுவு." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பைய எடுத்து உள்ள வெய்யி" என்றார்.

எடுத்து உள்ளே வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தை இன்னும் அந்தக் காலை விடவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குனிந்து, டிஞ்சர் போட்ட இடத்தில் ஊதிக்கொண்டிருந்தார். சின்னக் குழந்தைக்கு ஊதுகிற மாதிரி. எரிச்சல் அடங்கட்டும் என்று ஊதுவோமே, அப்படி.

அஞ்சலை வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவள் மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். கொட்டகையில் இல்லை, அடுப்படியில், எல்லோர் எதிரிலும். முருகேசன் நாலு நாள் பேசாமல் இருந்தார், ஐந்தாம் நாள் செருப்பு வந்தது. ஊர் சிரிக்கத்தான் செய்தது. வியாதி குணமானது. தேமலும் மங்கிப்போனது. அந்த இடத்தில் மட்டும் உணர்ச்சி இன்று வரைக்கும் திரும்பவில்லை. என் பயமும் இன்று வரைக்கும் போகவில்லை — ஊக்கால் குத்திப் பார்த்துக்கொள்கிற கிழவியாகிவிட்டேன். அவள் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இதை எழுதட்டுமா, பேரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "இன்னாத்துக்குக்கா மாத்தணும்? நான் இன்னா திருடிக்கினா போனேன்" என்றாள்.

அத்தை இருந்த வரைக்கும் அந்தக் காலுக்கு மருந்து போட்டால் ஊதாமல் விட்டதில்லை. உணர்ச்சி இல்லாத காலை ஊதி என்ன பிரயோஜனம் என்று கேட்க எனக்கு என்றைக்கும் தைரியம் வரவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

காலுக்குத்தான் தெரியாது. அஞ்சலைக்குத் தெரியுமே.